கல்லாவும் மாமன்றமும்: நகர்மன்றத் தேர்தலில் உள்ளூர் வணிகர்

1. கேள்வி

தமிழக நகரங்களின் மன்றங்களில் வணிகர்கள் உறுப்பினர்களாக அமர்வது புதிதன்று. மளிகைக் கடைக்காரர், அரிசி மண்டி உரிமையாளர், ஜவுளிக் கடை நடத்துபவர், அச்சகம் வைத்திருப்பவர், மருந்துக் கடைக்காரர் என எல்லாக் காலத்திலும் அவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இரண்டு கருத்துகள் வழக்கில் உள்ளன. கணக்கு வழக்கும் ஆள் பழக்கமும் தெரிந்தவர்கள், சொந்த வருமானம் உள்ளவர்கள், எனவே ஊர்ப்பணத்தில் கை வைக்கமாட்டார்கள் என்பது ஒன்று. கடைக்கு ஆதாயம் தேடவே தேர்தலில் நிற்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே மனிதரின் குணத்தைப் பற்றிய தீர்ப்புகள். உள்ளூர் வணிகர் ஒருவர் நகர்மன்ற உறுப்பினராகும்போது, அவருடைய கடையும் மன்றமும் எந்தெந்த இடங்களில் ஒன்றையொன்று தொடுகின்றன, அவற்றுள் எவற்றைச் சட்டம் கவனிக்கிறது, எவற்றைக் கவனிப்பதில்லை என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

2. வரி கட்டியவர்களின் மன்றம்

சென்னை மாநகராட்சியின் தோற்றத்திலேயே வணிகர் இருக்கிறார். 1687 டிசம்பர் 30-ஆம் நாளிட்ட சாசனத்தின்படி 1688 செப்டம்பர் 29 அன்று அது தொடங்கியது. ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள், 60 பர்கெஸ்கள் என்பது அதன் அமைப்பு. ஆங்கிலேயக் கம்பெனி அலுவலர்களோடு போர்த்துகீசிய, யூத, இந்து வணிகர்களுக்கும் ஆல்டர்மேன் இடங்கள் தரப்பட்டன. இதில் பெருந்தன்மை ஏதும் இல்லை. கம்பெனி நேரடியாக வரி விதித்தால் நகரத்தார் எதிர்ப்பார்கள், தங்களுள் பெரியவர்களே கூடி விதித்தால் கட்டுவார்கள் என்பது லண்டனில் கம்பெனியை நடத்திய ஜோசையா சைல்டின் கணிப்பு. அதாவது, வரி வசூலுக்கு வணிகரின் ஒப்புதல் தேவைப்பட்டதால் மன்றம் பிறந்தது. மன்றத்துக்கும் கடைவீதிக்கும் உள்ள உறவின் முதல் இழை இதுதான்.

ரிப்பன் பிரபு 1882 மே 18-இல் வெளியிட்ட தலசுயாட்சித் தீர்மானத்துக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் எண்ணிக்கை கூடிற்று. ஆனால் வாக்குரிமை வரி செலுத்தியவர்களுக்கே இருந்தது. 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் அதிகாரத்தை விரிவாக்கின. வரியையும் வாக்கையும் பிணைத்திருந்த முடிச்சை உடனே அவிழ்க்கவில்லை. அந்த ஏற்பாட்டில் கடைவீதிக்கு இயல்பாகவே முன்னிடம் கிடைத்தது.

அக்காலத்தின் சிறந்த எடுத்துக்காட்டு பிட்டி தியாகராயர் (1852–1925). நெசவுத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் சமூகத்தில் பிறந்தவர். வடசென்னையில் சொந்தமாகத் தறிகள் வைத்து நடத்தியவர். 1909-இல் தொடங்கிய தென்னிந்திய வர்த்தகச் சபையை நிறுவியவர்களுள் ஒருவர். சென்னை மாநகராட்சியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்து, அதன் தலைவராகவும் ஆனார். 1920-இல் நீதிக்கட்சி வென்றபோது முதலமைச்சர் பதவியை ஏற்க மறுத்துவிட்ட அவர், மாநகராட்சித் தலைமையை மட்டும் விடவில்லை. அதே 1920 செப்டம்பரில் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தரும் தீர்மானம் மன்றத்தில் நிறைவேறியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் வரம்பு. பிற்காலத்தில் தமிழகம் பெருமை கொண்ட சத்துணவின் தொடக்கப்புள்ளியாக இதைக் கருதுவோர் உண்டு. தம் தொழிலுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு செலவை, அணாக் கணக்குப் பார்த்து, மன்றத்தின் தலையில் ஏற்றிய வணிகர் அவர். வணிகரின் கணக்கறிவு ஊருக்குப் பயன்பட்ட இடம் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஈரோட்டில் மண்டி வணிகத்தை நடத்திவந்த ஈ.வெ.ராமசாமி 1910-களின் இறுதியில் அந்நகராட்சியின் தலைவராக இருந்தார். ஈரோட்டுக்குக் காவிரிக் குடிநீரைக் கொண்டுவந்த பணி அக்காலத்தோடு சேர்த்தே நினைவுகூரப்படுகிறது. 1919-இல் பதவியைத் துறந்து காங்கிரசில் சேர்ந்தார். 1933-இல் சென்னையில் மேயர் பதவி மீண்டும் ஏற்பட்டபோது அதில் முதலில் அமர்ந்தவர் வங்கித் தொழிலில் தழைத்த செட்டிநாட்டுக் குடும்பத்தின் முத்தையா செட்டியார்.

இந்தப் பட்டியல் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறது. மறுபக்கத்தை விருதுநகர் காட்டுகிறது. அங்கே நகர்மன்றத் தேர்தலில் நிற்க வேண்டுமானால் வரி செலுத்துபவராக இருக்க வேண்டும். சொத்தில்லாத இளைஞர் காமராசருக்கு அந்தத் தகுதி இல்லை. அவர் பெயரில் ஓர் ஆட்டை வாங்கி, அதற்கு வரி கட்டி, முத்துராமலிங்கத் தேவர் அவரை வேட்பாளராக்கினார் என்ற செய்தி தென்மாவட்டங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. இது பெரும்பாலும் வாய்மொழி மரபாகவே வாழ்கிறது. அதைச் சான்றாகக் கொள்ளும்போது அந்த எச்சரிக்கை வேண்டும். ஆனாலும் அக்காலச் சட்டத்தின் இயல்பை அது பிசகாமல் பிடித்திருக்கிறது. கடைக்காரருக்குத் தானாகவே கிடைத்த தகுதியைக் கடையில் வேலை பார்த்தவர் ஓர் ஆட்டைக் கொண்டு சம்பாதிக்க வேண்டியிருந்தது. பிறகு சிறையில் இருக்கும்போதே காமராசர் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், விடுதலையாகி வந்து அப்பதவியை விட்டு விலகியதும் பதிவான வரலாறு.

3. இருக்கும் விளக்கங்கள்

உள்ளூர் அதிகாரத்தில் வணிகரின் இடம் பற்றிய நவீன ஆய்வு அமெரிக்காவில் ஒரு விவாதமாகத் தொடங்கியது. அட்லாண்டாவை ஆராய்ந்த ஃபிளாய்ட் ஹன்டர் (1953), நகரத்தின் முடிவுகளைச் சிறு வணிகக் குழு ஒன்றே திரைக்குப் பின்னிருந்து எடுக்கிறது என்றார். நியூ ஹேவனை ஆராய்ந்த ராபர்ட் டால் (1961), ஒவ்வொரு பிரச்சினைக்கும் வெவ்வேறு குழுக்கள் செல்வாக்குப் பெறுகின்றன, செல்வர் கை எல்லாவற்றிலும் ஓங்குவதில்லை என்றார். பெருநிறுவனங்கள் உள்ள நகரத்துக்கே அவ்விவாதம் பெரிதும் பொருந்தும். தெருமுனைக் கடைக்காரரை விளக்க அது போதாது.

தமிழகத்துக்கு நெருக்கமான ஆய்வுகள் மூன்று திசைகளிலிருந்து வருகின்றன. 1920–1937 காலத் தென்னிந்திய அரசியலை எழுதிய கிறிஸ்டோபர் பேக்கர், நகராட்சிகளை உள்ளூர்ப் பெரும்புள்ளிகளின் போட்டிக்களமாகக் காண்கிறார். நாடார் சமூகத்தை ஆராய்ந்த ராபர்ட் ஹார்ட்கிரேவ் (1969), வணிக உறவின்முறைகள் பொதுக்காரியங்களை நடத்திய பழக்கம் எவ்வாறு அரசியல் வலிமையாக மாறியது என்பதைக் காட்டுகிறார். மகமை என்ற பெயரில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சிறுதொகை ஒதுக்கிப் பள்ளியும் கிணறும் கட்டிய சமூகத்துக்கு நகராட்சி நிர்வாகம் அந்நியமாகத் தோன்றாதது வியப்பன்று. மூன்றாவது, ஆரணியை 1970-கள் முதல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆய்ந்த பார்பரா ஹாரிஸ்-வொயிட்டின் பணி. அரிசி ஆலைகளும் பட்டுத் தறிகளும் நிறைந்த அந்தச் சந்தை நகரில் சிறு முதலாளிகளும் அவர்களின் சங்கங்களும் உள்ளூர் அரசை வளைக்க, தேர்தலில் நிற்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்பதை அவர் எழுத்துகளிலிருந்து உணரலாம்.

கடைசியாகச் சொன்ன கருத்து முக்கியமானது. சங்கத்தின் வழியாகவே காரியம் நடக்குமென்றால் வணிகர் ஏன் வேட்பாளராக வேண்டும்? இக்கேள்விக்கு மேற்கண்ட மூன்றும் முழு விடை தரவில்லை. விடையைத் தேர்தலின் நடைமுறையில் தேட வேண்டியிருக்கிறது.

4. கடை தரும் வலிமையும் தராத வாக்கும்

கடைக்காரருக்கு மூன்று வசதிகள் உண்டு. முதலாவது, நேரம். 2023 முதல் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாயும், நகராட்சி உறுப்பினருக்கு 5,000 ரூபாயும், பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 ரூபாயும் மதிப்பூதியமாக அறிவிக்கப்பட்டன. இதைக் கொண்டு குடும்பம் நடத்த முடியாது. மாதச் சம்பளக்காரர் பகலில் மன்றக் கூட்டத்துக்கு வர விடுப்பு எடுக்க வேண்டும். கூலித் தொழிலாளி அன்றைய கூலியை இழக்க வேண்டும். கடையில் தம்பியையோ மனைவியையோ உட்காரவைத்துவிட்டு வரக்கூடியவருக்கு அந்த இழப்பு குறைவு.

இரண்டாவது, இடம். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வருபவருக்குக் கவுன்சிலரின் கடை காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் அலுவலகம். மூன்றாவது, பழக்கம். மாதக் கடைசியில் 'எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிப் பொருள் வாங்கிச் செல்லும் குடும்பங்களின் நிலைமை பற்று நோட்டு வைத்திருப்பவருக்குத் தெரிந்த அளவு கட்சி நிர்வாகிக்குத் தெரியாது. ஆனால் பற்று நோட்டு இருபுறமும் வெட்டும். கடன் கேட்டு மறுக்கப்பட்டவரும் வாக்காளர்தான். எல்லாக் கட்சிக்காரர்களும் வாடிக்கையாளர்களாக இருக்கும் கடையின் மேல் ஒரு கட்சிக் கொடி ஏறியதும் மற்றவர்கள் எதிர்க்கடைக்குப் போவது உண்டு. வணிகர்கள் பலர் சங்கத் தேர்தலோடு நின்றுவிடுவதற்கு இதுவே பெரும் காரணம் எனலாம்.

இந்த வசதிகளுக்கு எதிராக நிற்கும் ஒரு சட்ட உண்மை போதிய கவனம் பெறவில்லை. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்த பிறகு, வாக்கு வரியிலிருந்து பிரிந்து குடியிருப்போடு சேர்ந்தது. வேட்பாளருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த உள்ளாட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கடைவீதியில் இருபது ஆண்டுகளாகச் சொத்து வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம் எல்லாம் செலுத்திவரும் ஒருவர், பக்கத்து ஊராட்சியில் வீடு கட்டிக் குடியேறியிருந்தால், கடை இருக்கும் நகராட்சியில் வாக்களிக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. சௌகார்பேட்டை போன்ற பகுதிகளிலும் தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவிலும் பகலில் புழங்கும் கூட்டத்துக்கும் அங்கே வாக்குள்ளவர்களின் எண்ணிக்கைக்கும் தொடர்பே இல்லை. அன்று வரி கட்டியவர் எங்கிருந்தாலும் ஊரின் குரலானார். இன்று அவர் தாம் வரி கட்டும் ஊரிலேயே அயலாராக இருக்க நேர்கிறது. இந்த மாற்றம் சரியானதே. ஊர் என்பது அங்கே வாழ்பவர்களுடையது. ஆட்டைக் கொண்டு தகுதி தேட வேண்டிய நிலைக்குத் திரும்புவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் வணிகர் ஏன் வேட்பாளராகிறார் என்பதற்கான விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. வாக்கு வலிமை இல்லாத கடைவீதி தன் குரலுக்கு ஒரு நாற்காலியைத் தேடுகிறது.

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் 21 மாநகராட்சிகள் இடம்பெற்றன. பழைய மன்றங்களின் காலம் 2016-இல் முடிந்த பிறகு ஐந்தாண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரே இல்லாமல் நகரங்கள் இருந்தன. மாநகராட்சி வார்டுக்கு வைப்புத்தொகை 4,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. செலவு வரம்பு சென்னையில் 90,000 ரூபாய், பேரூராட்சியில் 17,000 ரூபாய். தாளில் இருக்கும் இந்த வரம்பு சிறு கடைக்காரரும் தாங்கக்கூடியதே. களத்தில் நடக்கும் செலவு வேறு என்பதை வாக்காளர் எல்லாரும் அறிவர். அந்த இடைவெளியைச் சுமக்கக் கூடியவர்கள் வணிகர்களுள்ளும் வசதியானவர்களே. சென்னையின் 200 வார்டுகளில் ஒவ்வொன்றிலும் சராசரியாக முப்பதாயிரம் வாக்காளர்கள். அங்கே கட்சிச் சின்னம் இல்லாமல் கடைப்பழக்கம் மட்டும் கரை சேர்க்காது. பேரூராட்சி வார்டில் நிலைமை நேர்மாறு. சில நூறு குடும்பங்களே என்பதால் கடையின் பெயரே சின்னமாகிவிடும்.

பெண்களுக்கான 50 சதவீத இடஒதுக்கீடு இன்னொரு கோணத்தைத் திறந்திருக்கிறது. வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் கடைக்காரரின் மனைவியோ தாயோ வேட்பாளராவதும், வென்ற பின் கணவர் கடையிலிருந்தே வார்டை நடத்துவதும் பரவலாகப் பேசப்படும் குறை. அது உண்மையான குறைதான். ஆயினும் இட்லிக் கடை, தையலகம், மகளிர் குழுத் தொழில் என்று தாமே தொழில் நடத்தும் பெண்களுக்கும் அதே ஒதுக்கீடுதான் வாசலாக இருக்கிறது. வணிகர் என்றதும் ஆணை மட்டும் நினைக்கும் வழக்கம் ஆய்வுகளிலும் தொடர்கிறது.

5. சட்டம் கவனிப்பது

நகர்மன்றச் சட்டங்கள் வணிகர் நிற்பதைத் தடுப்பதில்லை. அவை அஞ்சுவது ஒப்பந்தத்தை. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அணுகுமுறை தெளிவானது. நகராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்திலோ நகராட்சிக்காகச் செய்யப்படும் வேலையிலோ நலன் உடையவர் உறுப்பினராகத் தகுதியற்றவர். உறுப்பினரான பின் தாமாகவோ கூட்டாளி வழியாகவோ அத்தகைய நலனைப் பெற்றாலும் பதவி போகும். தமக்குப் பணநலன் உள்ள பொருள் மன்றத்தில் வரும்போது விவாதத்தில் பங்கேற்கவோ வாக்களிக்கவோ கூடாது. வரிப் பாக்கியும் தகுதியைக் கெடுக்கும். வேட்புமனுத் தாக்கல் காலத்தில் நகராட்சி அலுவலகங்களில் பாக்கியில்லாச் சான்றுக்காக வரிசை நிற்பது இதனால்தான்.

இவற்றுக்கு விலக்குகளும் அதே சட்டத்தில் இருந்தன. நிறுவனத்தில் இயக்குநராக இல்லாமல் பங்கு மட்டும் வைத்திருப்பது, நகராட்சி விளம்பரம் வெளிவரும் செய்தித்தாளில் பங்கு இருப்பது, அசையாச் சொத்தின் குத்தகை அல்லது விற்பனை ஆகியவை நலனாகக் கருதப்படவில்லை. கடைசி விலக்கு சிந்திக்கத் தக்கது. பேருந்து நிலையத்திலும் தினசரி மார்க்கெட்டிலும் நகராட்சிக்குச் சொந்தமான கடைகள் உண்டு. அவற்றின் வாடகையே பல நகராட்சிகளுக்கு முக்கிய வருவாய். அந்தக் கடையைக் குத்தகைக்கு எடுத்தவர், வாடகையைத் திருத்தும் மன்றத்திலும் அமரலாம் என்றால், நகராட்சிக்குப் பினாயில் விற்பவரை விலக்கிவைக்கும் சட்டம் பெரிய வாசலைத் திறந்துவிட்டுச் சிறிய சன்னலைப் பூட்டியிருக்கிறது. வாக்கெடுப்பில் ஒதுங்க வேண்டும் என்ற விதி மட்டுமே அங்கே காவல்.

1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் நெடுங்காலம் கிடப்பில் இருந்து 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சட்டங்கள் ஒன்றானபோதும் ஒப்பந்தத்தை மையமாகக் கொண்ட பார்வை மாறவில்லை.

6. சட்டம் கவனிக்காதது

கடைக்காரரின் அன்றாட நலன் ஒப்பந்தத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது. மழைநீர் வடிகாலின் மேல் கட்டப்பட்ட படிக்கட்டு, நடைபாதைக்கு மேல் நீண்ட தகரக் கூரை, கடைக்கு முன் அடுக்கிய மூட்டைகள், சரக்கு வண்டி நிற்கும் நேரம், எதிரில் தள்ளுவண்டி போடுபவர் யார் என்பவை எதுவும் ஒப்பந்தம் அல்ல. ஆக்கிரமிப்பு அகற்றும் வண்டி எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்பதைக் கவுன்சிலர் எழுத்தில் தீர்மானிப்பதில்லை. உதவிப் பொறியாளரிடம் பேசும் ஒரு சொல்லில் அது நடக்கிறது, அல்லது நடக்காமல் போகிறது. நடவடிக்கைக் குறிப்பில் பதியாத செல்வாக்கை வாக்கெடுப்பு விதியால் கட்டுப்படுத்த இயலாது.

தெருவோர வியாபாரிகளுடனான உறவில் இது கூர்மையாகிறது. 2014-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடங்கள் தெருவோர வியாபாரிகளுக்கு உரியவை. அவர்களும் உள்ளூர் வணிகர்களே. ஆனால் 'வணிகர்' என்ற சொல்லைக் கதவுள்ள கடைக்காரர்கள் தமக்கே உரிமையாக்கிக்கொண்டார்கள். சென்னையின் பாண்டி பஜார் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2013-இல் அங்கிருந்த நடைபாதைக் கடைகள் வணிக வளாகம் ஒன்றுக்கு மாற்றப்பட்டன; 2019-இல் அதே சாலை நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. நடப்பவருக்கு அது நல்ல சாலை. நடைபாதையில் பிழைத்தவரின் இடம் மாடிக்குப் போயிற்று. கடை உரிமையாளராக இருக்கும் உறுப்பினர் இத்தகைய முடிவில் வாக்களிக்கும்போது அவருடைய நலன் எந்த ஒப்பந்தத்திலும் இராது. ஆயினும் அது அவர் கல்லாவைத் தொடும்.

7. மன்றத்தின் கைக்கு எட்டாதவை

வணிகர் வேட்பாளராகும்போது பெரும்பாலும் வரியைப் பற்றியே பேசுகிறார். அந்த அதிகாரம் மன்றத்திடம் எவ்வளவு இருக்கிறது என்பதை 2022 காட்டியது. மார்ச் 2 அன்று உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். ஒரு மாதத்துக்குள் மாநில அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. வணிகக் கட்டடங்களுக்கு உயர்வு 100 சதவீதம்; சென்னையின் பழைய பகுதிகளில் 150 சதவீதம். பதினைந்தாவது நிதிக்குழுவின் மானிய நிபந்தனைகள் காரணமாகச் சுட்டப்பட்டன. மன்றங்கள் கூடித் தீர்மானம் இயற்றின. தொழில் வரிக்கு அரசியலமைப்பே ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் எல்லைக்கே வராதது. 1688-இல் வணிகரின் ஒப்புதல் வரிக்குத் தேவைப்பட்டது. இன்று மன்றத்தில் வணிகர் இருந்தாலும் வரியின் அளவு வேறு இடத்தில் முடிவாகிறது.

எனவே வரிக்காக நிற்பதாகச் சொல்லும் வணிகர் மன்றத்தால் தர இயலாததை வாக்குறுதியாகத் தருகிறார். மன்றத்தால் தர முடிந்தது வடிகாலும் குப்பையும் தெருவிளக்கும் மார்க்கெட்டும் நடைபாதையும். அவற்றில்தான் அவருடைய கடையும் நிற்கிறது. அவருடைய அறிவுக்கு மதிப்பு தருவதும் அதுவே, அவர்மேல் ஐயம் எழுவதும் அதனாலேயே. தியாகராயர் ஓர் அணாவுக்குக் கணக்குப் பார்த்தது தம் தறிக்காக அன்று என்பது அவரை மதிப்பதற்குரிய அளவுகோலாக இன்றும் செல்லும்.

8. செய்யக்கூடியது

வணிகரை மன்றத்துக்கு வெளியே நிறுத்துவது தீர்வாகாது. ஊரின் பொருளாதாரத்தை நெருக்கமாக அறிந்தவர்களை அது இழக்கும். வேட்புமனுவோடு தரும் சொத்து விவரத்தில், வேட்பாளரும் குடும்பத்தாரும் கூட்டாளிகளும் நடத்தும் கடைகள் எந்த வார்டில், எந்தத் தெருவில் இருக்கின்றன, நகராட்சிக் கடைகளுள் எவை அவர்கள் குத்தகையில் உள்ளன என்ற விவரமும் சேர வேண்டும். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். நகராட்சிக் கடை வாடகை பற்றிய கூட்டத்தில் குத்தகைதாரரான உறுப்பினர் வெளியேறினாரா இல்லையா என்பது நடவடிக்கைக் குறிப்பில் பெயரோடு பதிவாக வேண்டும். 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளை ஒட்டித் தமிழக நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. ஆக்கிரமிப்பு அகற்றும் தெருக்களின் வரிசையும் தள்ளுவண்டிகளுக்கான இடமும் அந்தச் சபையில், கடைக்காரரும் தெருவோர வியாபாரியும் குடியிருப்பவரும் ஒன்றாக இருக்கும்போது பேசப்பட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தேர்தலில் நிற்கும் கடைக்காரர் தம் கடைகளின் பட்டியலைத் தாமே எழுதிக் கடை வாசலில் மாட்டலாம். வாக்காளர் அதைக் கேட்டு வாங்கலாம்.